கூரை ஒழுக்கு: அடைப்பதா, பிரித்து அடுக்குவதா, மாற்றுவதா?

கூரை ஒழுகத் தொடங்கினால் வன்னியில் மூன்று யோசனைகள் வரும். உடைந்த இடத்தை மட்டும் பார்த்து அடைப்பது ஒன்று. கூரையைப் பிரித்து, மரத்தைச் சீர்செய்து, அதே ஓடுகளைத் திரும்ப அடுக்குவது இன்னொன்று. பழையதைக் கழித்துவிட்டு வேறு கூரைக்கு மாறுவது மூன்றாவது. ஹாட்வெயார் கடையில் கேட்டால் பூச்சு வாளியைக் காட்டுவார்கள். சீற் விற்பவர் மாற்றச் சொல்வார். நடுவில் இருப்பதைச் சொல்ல ஆளில்லை, ஏனென்றால் அதில் விற்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஓட்டு வீடுகளில் பல சமயம் அதுதான் சரியான வழி.

எந்த வழி என்பதை மேலே கிடக்கும் ஓடோ சீற்றோ தீர்மானிப்பதில்லை. கீழே தாங்கும் மரமும் கூரையின் சரிவுமே தீர்மானிக்கின்றன. மரம் நல்லதாக, சரிவு போதுமானதாக இருந்தால் அடைப்பது தாங்கும். மரம் போய்விட்டால் அடைப்பது காசை மழையில் கரைப்பது. சரிவு பிழையாக இருந்தால் புது ஓடு போட்டாலும் ஒழுகும்.

முதலில், எப்போது ஒழுகுகிறது?

கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைப்பதுதான் முதற்பிழை. தண்ணீர் றீப்பையில் (ஓடு கொளுவும் குறுக்குச் சட்டம்) இறங்கி, சிலாகை (றீப்பையைத் தாங்கும் சரிவு மரம்) வழியே ஓடி, ஆணி அடித்த இடத்திலோ மரம் மூட்டிய இடத்திலோ சொட்டும். புகுந்த இடம் நான்கைந்து அடி மேலே இருக்கலாம். எங்கே சொட்டுகிறது என்பதைவிட எப்போது சொட்டுகிறது என்பது அதிகம் சொல்லும்.

மழை விழுந்தவுடன் சொட்டினால் ஓடு உடைந்திருக்கிறது, அல்லது ஆணித்துளை திறந்திருக்கிறது. காற்றோடு அடிக்கும் மழைக்கு மட்டும் சொட்டினால் சரிவு, மேற்படிவு (ஒன்றன்மேல் ஒன்று ஏறும் அளவு), முகடு ஆகிய மூன்றில் ஒன்று. ஒரு மணித்தியாலம் விடாமல் பெய்த பிறகு வந்தால் இரு கூரைகள் சந்திக்கும் கூடல்வாயோ தாவாரத்துப் பீலியோ அடைத்து நிரம்பி உள்ளே வழிகிறது. மழை விட்ட பிறகும் மறுநாள்வரை நீடித்தால் பிளாட்டில், அதாவது தட்டைக் கொங்கிறீற் கூரையில், தண்ணீர் தேங்கி நிற்கிறது. தை, மாசி விடியற்காலையில் மழையே இல்லாமல் தகரத்தின் கீழ் சொட்டினால் அது பனி வியர்வை. அதற்கு எந்த அடைப்பும் வேலை செய்யாது, காற்றோட்டமும் தகரத்தின் கீழ் விரிக்கும் உட்தாளும்தான் வேண்டும்.

வெயில் காலத்திலும் சோதிக்கலாம். ஒருவர் உள்ளே ரோர்ச்சோடு நிற்க, மற்றவர் குழாய்த் தண்ணீரைத் தாவாரத்தில் தொடங்கி ஒவ்வொரு பகுதிக்கும் பத்து நிமிடம் விட்டு மேலே போக வேண்டும். முகட்டிலிருந்து தொடங்கினால் தண்ணீர் முழுக் கூரையையும் நனைத்துவிடும், எது குற்றவாளி என்று தெரியாது. தண்ணீரை வானத்திலிருந்து விழுவதுபோல விட வேண்டும். கீழிருந்து மேல்நோக்கிப் பீய்ச்சினால் நல்ல கூரையும் ஒழுகும். ஓட்டு வீடென்றால் உச்சி வெயிலில் உள்ளே நின்று மேலே பார்த்தாலே பாதி ஓட்டைகள் வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். சீலிங் அடித்த வீட்டில் ஒரு பலகையைக் கழற்றிப் பார்க்காமல் எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

ஓட்டு வீடு: பிரித்து அடுக்குவதன் பெறுமதி

வன்னியில் ஓடு உடைவதற்குக் குரங்கைவிடப் பெரிய காரணம் தேடத் தேவையில்லை. காட்டோரக் கிராமங்களில், நெடுங்கேணி தொடங்கி ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கம்வரை, கூட்டமாக வந்து மரத்திலிருந்து கூரைக்குப் பாயும், ஓட்டைத் தூக்கிப் பூச்சி தேடும். அடுத்தது பனை மட்டையும் தேங்காயும். இப்படி உடைந்தவை பத்து இருபது என்றால் அடைப்பது போதும். மேல்வரிசையின் இரண்டு ஓடுகளை மெல்ல மேலே தள்ளி, உடைந்ததை உருவி, புதியதன் கொளுக்கி றீப்பையில் விழும்படி வைத்து, மேலே தள்ளியவற்றை இறக்க வேண்டும். கடைக்குப் போகும்போது ஒரு பழைய ஓட்டைக் கையில் கொண்டு போங்கள். ஒரு தொழிற்சாலையின் ஓட்டு வாய் இன்னொன்றோடு பொருந்தாது. வித்தியாசம் கால் அங்குலம்தான், ஆனால் அந்தக் கால் அங்குலம் போதும். இடித்த வீட்டு ஓடுகள் கிடைத்தால் இருபத்தைந்து முப்பதை வாங்கி வீட்டின் பின்னால் அடுக்கி வைப்பது புத்திசாலித்தனம்.

வெடித்த ஓட்டைச் சீமெந்தால் பூசி ஒட்டுவது வழக்கமாகிவிட்டது. அது நிற்காது. வெயிலில் ஓடும் சீமெந்தும் ஒரே அளவில் விரிவதில்லை. ஒரு வெயில் காலத்தில் பூச்சு பிரிந்து, அந்த மெல்லிய இடைவெளி தண்ணீரை உறிஞ்சி உள்ளே இழுக்கும். தவிர, சீமெந்தால் ஒட்டிய ஓட்டை அடுத்தமுறை கழற்றும்போது பக்கத்து ஓடும் சேர்ந்து உடையும்.

குரங்குத் தொல்லைக்கு இரண்டு வேலை. கூரையிலிருந்து பன்னிரண்டு அடிக்குள் வரும் கிளைகளை வெட்டுவது ஒன்று. ஓட்டின் அடியில் கொளுக்கிக்குப் பக்கத்தில் கம்பி கோக்கும் துளை இருக்கும், அதில் நாகமுலாமிட்ட கம்பியைக் கோத்து றீப்பையோடு கட்டுவது மற்றது. தாவார வரிசை, முகட்டை ஒட்டிய வரிசை, இரு பக்க ஓரம் ஆகியவற்றை முழுவதும் கட்ட வேண்டும், நடுவில் மூன்று வரிசைக்கு ஒன்று போதும். இது குரங்குக்குச் செய்யும் வேலை மட்டுமல்ல. புயற்காற்றில் முதலில் கிளம்புவதும் இந்த ஓரங்கள்தான். 2020 டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறிய புரெவிப் புயல் போன்ற ஒன்று மீண்டும் வராது என்று யாரும் சொல்ல முடியாது.

இனி மரம். ஒரு நீளத் திருப்புளியை எடுத்து றீப்பையிலும் சிலாகையிலும், குறிப்பாகச் சிலாகையைத் தாங்கும் வளை சுவரில் உட்காரும் இடத்திலும் அழுத்திக் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் இலகுவாக இறங்கினால் மரம் உக்கியிருக்கிறது. தட்டும்போது பொக்குச் சத்தம் கேட்டால் உள்ளே கறையான். சுவரில் மண் கோடு ஏறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். கறையான் நிலத்திலிருந்து சுவர் வழியே வளைக்கு ஏறும், ஆகவே மேலே மட்டும் மருந்தடித்துப் பயனில்லை.

போருக்குப் பின் மீள்குடியேறிய வீடுகளில் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும். இந்திய வீட்டுத் திட்டத்தில் வீட்டுக்கு 550,000 ரூபா தவணை தவணையாகக் கொடுக்கப்பட்டு, சொந்தக்காரரே நின்று கட்டினார். ஒரே காலத்தில் ஊரெல்லாம் வீடு எழும்பியபோது பல கூரைகளில் கிடைத்த மரம்தான் ஏறியது. ஈரமரம் காயக் காய முறுகும். றீப்பை முறுகினால் ஓடு ஒரு மூலையில் தூக்கி நிற்கும். அப்போது ஓடு ஒன்றும் உடைந்திராது, ஆனால் காற்று மழைக்கு வீடு முழுவதும் தூவானம் அடிக்கும். இந்த நிலையில் ஓடு மாற்றுவது வீண், றீப்பையை மாற்ற வேண்டும்.

சரிவை அளக்க இரண்டடி நீர்மட்டமும் அளவுநாடாவும் போதும். மட்டத்தின் ஒரு நுனியைச் சிலாகையில் வைத்து நேராகப் பிடித்து, மறு நுனியிலிருந்து சிலாகைக்குள்ள தூரத்தை அளக்கவும். பதினான்கு அங்குலம் வந்தால் சரிவு 30 பாகை, நன்று. பதினொன்றுக்குக் குறைந்தால் 25 பாகைக்கும் கீழே, அந்த இடத்தில் ஓடு நம்பத்தக்கதல்ல. பிரதான கூரையில் இது சரியாகத்தான் இருக்கும். கோளாறு பத்தியில் (வீட்டோடு ஒட்டி இறக்கும் சாய்ப்பில்). வீடு கட்டி முடித்த பிறகு குசினிக்கோ விறாந்தைக்கோ பத்தி இறக்கும்போது உயரம் காணாமல் சரிவைப் படுக்க வைத்து, அதே ஓடுகளை நீட்டிவிடுகிறார்கள். வன்னியின் ஓட்டு வீடுகளில் ஒழுகும் இடத்தைப் பாராமலே சொல்வதென்றால் அங்கேதான் கை நீட்ட வேண்டும்.

அதற்கு முழுக் கூரையையும் மாற்ற வேண்டியதில்லை. பிரதான கூரையில் ஓடு இருக்கட்டும், பத்தியை மட்டும் நிறத் தகரத்துக்கு மாற்றினால் போதும். தகரத்தின் மேல்நுனி கடைசி ஓட்டு வரிசைக்குக் கீழே குறைந்தது ஒன்பது அங்குலம் உள்ளே போக வேண்டும். பத்தி சுவரில் முட்டுமானால், சுவரில் ஓரங்குல ஆழத்துக்குக் கோடு வெட்டி, வளைத்த தகரத் தகட்டின் மேல் விளிம்பை அதற்குள் செருகி, ஆறங்குலம் சுவரிலும் ஆறங்குலம் கூரையிலும் படியவிட வேண்டும். வெட்டாமல் சுவரில் தகட்டை வைத்துச் சிலிக்கன் பூசுவது இரண்டு மாரிக்குக் காணாது.

பிரித்து அடுக்குவதென்றால் கணக்கு இப்படி. வெளியளவு 20 அடிக்கு 28 அடி வீடு, தாவாரம் சுற்றி இரண்டடி என்றால் மேலிருந்து பார்க்கும் பரப்பு 24 × 32, அதாவது 768 சதுர அடி. 30 பாகைச் சரிவுக்கு 1.155 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 890 சதுர அடி. கள்ளிக்கோட்டை மாதிரி ஓடு 100 சதுர அடிக்கு 135 முதல் 140 வரை போகும், ஆக 1,200 முதல் 1,250. கவனமாக இறக்கினால் பழைய ஓட்டில் பத்தில் ஒன்பது பங்கு திரும்பப் பாவிக்கலாம். இரண்டுக்கு ஒன்று அங்குல றீப்பை, ஓட்டின் நீளத்தைப் பொறுத்துப் பன்னிரண்டரை அங்குல இடைவெளியில் அடித்தால் ஏறத்தாழ 850 அடி வேண்டும். வெட்டுக் கழிவுக்குப் பத்து வீதம் சேர்த்து வாங்குங்கள். இடைவெளியை யாருடைய வாய்க்கணக்கிலும் அடிக்க விடாதீர்கள். பதினொரு ஓடுகளை நிலத்தில் இணைத்து அடுக்கி, இறுக்கித் தள்ளி ஒருமுறை, இழுத்துத் தளர்த்தி ஒருமுறை, முதல் ஓட்டின் மேல்விளிம்பிலிருந்து பதினோராவது ஓட்டின் மேல்விளிம்பு வரை அளந்து, சராசரியைப் பத்தால் வகுத்தால் உங்கள் ஓட்டுக்குரிய இடைவெளி வரும். தாவாரத்தின் முதல் றீப்பை மற்றவற்றைவிடத் தடிப்பாக இருக்க வேண்டும், இல்லையேல் முதல் வரிசை தலை குனிந்து, இரண்டாம் வரிசை வாய் திறந்து நிற்கும்.

இறக்கும் ஓடுகளை அடுக்கும்போது ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது. மந்தமாக ஒலித்தால் உள்வெடிப்பு. வேகாத பழைய ஓடு வெடிக்காமலே கசியும். சந்தேகமானதைக் கவிழ்த்து, கீழே கடதாசி வைத்து, மேலே சிறிது தண்ணீர் தேக்கி இரவு முழுவதும் விட்டால் தெரிந்துவிடும்.

பழைய முதிரை, பாலைச் சிலாகைகள் இருந்தால் அவற்றை விட்டுவிடாதீர்கள். இன்று அதே தரத்தில் வாங்குவது கடினம், காட்டு மரத்தை ஏற்றி இறக்க அனுமதிப்பத்திரமும் வேண்டும். நுனி மட்டும் உக்கியிருந்தால் நுனியை வெட்டி இன்னொரு துண்டைப் பக்கத்தில் மூன்றடி மேற்படிய வைத்துப் போல்ட் போடலாம். பனையென்றால் வைரம் பாய்ந்த கறுப்புப் பகுதி மட்டும். வெளிர் நிறச் சோற்றியுள்ள பனஞ்சிலாகையை மலிவென்று வாங்கினால் கறையான் விருந்துக்கு வரும்.

முகட்டோட்டில் உள்ள சாந்து வெடிப்பதும் பொதுவான ஒழுக்கு. மேலால் இன்னொரு பூச்சுப் பூசாமல், பழைய சாந்தை முழுவதும் உடைத்து எடுத்து, முகட்டோட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, ஒன்றுக்கு நான்கு சீமெந்து மணற் சாந்தை இரு விளிம்பிலும் மட்டும் வைத்து அமர்த்த வேண்டும். உட்புறம் முழுவதும் சாந்தை அடைத்தால் அது ஈரத்தை உறிஞ்சி வளைக்கு இறக்கும். சாந்தில் சீமெந்தைக் கூட்டினால் பலம் கூடும் என்ற எண்ணமும் பிழை, அது வெடிப்பைத்தான் கூட்டும். பின்னேரம் வேலை செய்து, மூன்று நாள் நனைத்த சாக்கால் மூடி வைக்கவும்.

இரு கூரைகள் சந்திக்கும் கூடல்வாய் உள்ள வீட்டில் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன 768 சதுர அடியில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 7,000 லீற்றருக்கு மேல் தண்ணீர் விழும், கூடல்வாய் அதில் தன்மேல் இறங்கும் பங்கை ஒரு சாணுக்குள் கொண்டுபோக வேண்டும். தகடு பதினெட்டு அங்குலத்துக்குக் குறையக்கூடாது. இரு பக்க ஓடும் மூன்று நான்கு அங்குலம் அதன்மேல் நீண்டு, நடுவில் நான்கு அங்குலமாவது திறந்திருக்க வேண்டும். தகட்டின் நடுவில் ஆணி கூடாது. வேப்பிலையும் புளியிலையும் சேர்ந்தால் ஒரே இரவில் அணைகட்டும், ஆகவே புரட்டாதியில் ஒருமுறை, கார்த்திகையில் ஒருமுறை கூட்டித் தள்ள வேண்டும்.

அஸ்பெஸ்ரஸ் சீற்: கை வைப்பதற்கு முன்

இந்தக் கூரையில் ஒழுக்கு பெரும்பாலும் மூன்று இடங்களில்: ஆணித்துளை, நாலு சீற்றின் மூலைகள் சந்திக்கும் இடம், மிதித்து வந்த வெடிப்பு. ஆணித்துளைக்கு அடைப்பதே சரி. பழைய வாசர் காய்ந்து நொறுங்கியிருக்கும். போல்ட்டைக் கழற்றி, புதிய இறப்பர் வாசரும் அதன்மேல் தகர வாசரும் போட்டு, வாசர் மெல்லப் பிதுங்கும் அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். மேலும் இறுக்கினால் சீற் துளையிலிருந்து வெடிக்கும். துளை எப்போதும் அலையின் மேட்டில்தான் இருக்க வேண்டும், பள்ளத்தில் போட்டிருந்தால் அதுவே காரணம்.

நாலு மூலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் இரண்டின் மூலையைச் சரிவாக வெட்டியிருக்க வேண்டும். வெட்டாமல் போட்டால் சீற் தூக்கி நின்று காற்று மழையை உள்ளே விடும். நீளவாக்கு மேற்படிவு ஆறங்குலத்துக்குக் குறைந்தாலும் அதே கதை. இவற்றுக்குப் பசை ஒட்டிப் பயனில்லை, அந்த வரிசையைக் கழற்றிப் போட வேண்டும்.

சிறு வெடிப்புக்கு, மேற்புறத்தை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த பிறகு அலுமினியம் முகமுள்ள தார்ப்பட்டியை வெடிப்பின் இரு பக்கமும் இரண்டங்குலம் தாண்டும்படி ஒட்டி அழுத்தினால் சில மாரி தாங்கும். சீமெந்துப் பாலை ஊற்றுவது ஒரு மாரிகூடத் தாங்காது.

இனி முக்கியமானது. அஸ்பெஸ்ரஸ் நார் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் உறுதியான நிலைப்பாடு. கூரையாகக் கிடக்கும்போது ஆபத்துக் குறைவு, தூளாகும்போதுதான் ஆபத்து. ஆகவே பாசியைக் கம்பித் தூரிகையால் உலர்வாக உரசுவது, அதிக அழுத்தத் தண்ணீர் பீய்ச்சுவது, கிறைண்டரால் வெட்டுவது மூன்றும் கூடாது. துளையிட வேண்டுமானால் நனைத்து, கைத்துரப்பணத்தால், வாயையும் மூக்கையும் நல்ல முகக்கவசத்தால் மூடி. உடைந்த துண்டுகளை ஒழுங்கைப் பள்ளத்தில் போட்டு வாகனத்தால் நெரிய விடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, பிள்ளைகள் நடக்கும் பாதையில் தூளை விதைப்பது அது. நனைத்துப் பொலித்தீனில் சுற்றி, இனித் தோண்ட வராத இடத்தில் ஆழப் புதைக்க வேண்டும். புதைக்கும் இடத்தைப் பிரதேச சபையிடம் கேட்பது நல்லது.

பழைய சீற்றின்மேல் நேரே மிதிக்கவே கூடாது, அது ஆளோடு உடைந்து விழும். இரண்டு மூன்று வளைகளைத் தாண்டும் நீளப் பலகையைப் போட்டு அதன்மேல் நடக்க வேண்டும். நிறைய சீற்றுகள் வெடித்த கூரையில் அடைப்பு வேலையே ஆபத்து. அங்கே மாற்றுவதுதான் மலிவு.

தகரமும் நிறச் சீற்றும்

மீள்குடியேற்றத் தற்காலிகக் கொட்டிலுக்குக் கிடைத்த நாகத்தகரம் இன்னமும் பல குசினிகளிலும் மாட்டுக் கொட்டிலிலும் கிடக்கிறது. ஆணி அடித்த தகரம் பகலில் விரிந்து இரவில் சுருங்கும்போது ஆணியைச் சிறிது சிறிதாக மேலே இழுக்கும். கழன்ற ஆணியைத் திரும்ப அடிக்க வேண்டாம். உருவி, அதைவிடத் தடித்த, இறப்பர் வாசருள்ள ஸ்குரூவை இறக்குங்கள். சிலிக்கன் போடுவதானால் வினாகிரி மணம் வருவதைத் தவிர்த்து, மணமற்ற நடுநிலை வகையை வாங்குங்கள். வினாகிரி மணமுள்ளது தகரத்தின் முலாமைத் தின்னும். துருவால் சல்லடையான தகரத்துக்குப் பூச்சு வேண்டாம். முல்லைத்தீவுக் கடலோரத்தில் உப்புக் காற்று அந்த நிலைக்கு விரைவில் கொண்டு வந்துவிடும்.

ஊரில் அமானோ சீற் என்று பொதுவாகச் சொல்லும் நிறச் சீற்றுக்கு மாறுகிறவர்கள் மூன்றைக் கவனிக்க வேண்டும். கிறைண்டரால் வெட்டினால் தெறிக்கும் தீப்பொறி ஒவ்வொன்றும் துருப்புள்ளியாகும், தகரக் கத்தரியால் வெட்டச் சொல்லுங்கள். துரப்பணத் தூளை அன்று மாலையே கூட்டித் தள்ளுங்கள். முகட்டில் சீமெந்துச் சாந்து வைக்க விடாதீர்கள், ஈரச் சீமெந்து அலுமினியம்-நாக முலாமை அரிக்கும். அதற்கென்று வளைத்த முகட்டுத் தகடு உண்டு.

சீற் எந்தப் பக்கமிருந்து தொடங்குவது என்பதில் தகராறு வரும். ஆனி, ஆடியில் பலமாக வீசுவது தென்மேற்குக் காற்றான சோளகம், ஆகவே அதற்கு எதிராக மேற்படிவு வைக்கச் சிலர் சொல்வார்கள். ஆனால் சோளகம் நமக்குக் காய்ந்த காற்று. ஐப்பசி தொடக்கம் மழையைக் கொண்டு வருவது வடகிழக்குப் பக்கக் காற்று. ஆகவே தென்மேற்கு நுனியிலிருந்து தொடங்கி வடகிழக்கை நோக்கிப் போட்டால் மேற்சீற்றின் விளிம்பு மழைக்கு முதுகு காட்டி நிற்கும்.

பிளாட்

போட்டிக்கோவுக்கும் குளியலறைக்கும் மேலே சிறிதாகப் பிளாட் போட்டு, மாடி பிறகு கட்டலாம் என்று கம்பிகளை நீட்டி விடுவது வழமை. அந்தக் கம்பிதான் எதிரி. துரு கம்பி வழியே கொங்கிறீற்றுக்குள் இறங்கி, வீங்கி, வெடிக்க வைத்து, தண்ணீருக்கு வழி விடும். மாடி இப்போதைக்கு இல்லையென்றால் துருவை உரசி, நாகப்பூச்சு இரண்டு தடவை அடித்து, சீமெந்து குறைத்த கொங்கிறீற்றால் மூடிவிடுங்கள். பிறகு உடைத்து எடுக்கலாம்.

சீமெந்துப் பூச்சை மட்டும் மேலால் போடுவது, தார் ஊற்றுவது, சுண்ணாம்பு அடிப்பது எல்லாம் ஒரு மாரிக்கு மருந்து. முறையாகச் செய்வதென்றால், வெடிப்பைக் கால் அங்குல அகலத்துக்கு ஆங்கில வி வடிவில் வெட்டி, தூசி நீக்கி, நெகிழும் அடைப்பால் நிரப்ப வேண்டும். பிளாட்டும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில் இரண்டங்குலச் சரிவுச் சாந்து. தண்ணீர் போகும் வாய் நோக்கிப் பத்தடிக்கு ஓரங்குலத்துக்கு மேல் இறக்கமிருக்கும்படி மட்டச் சாந்து. அதன்மேல் தூளும் திரவமுமாக வரும் நெகிழும் சீமெந்துப் பூச்சு இரண்டு தடவை, இரண்டாவது முதலாவதுக்குக் குறுக்காக. மூலையில் நார்வலை வைத்து, சுவரில் ஓரடி உயரத்துக்கு ஏற்ற வேண்டும். எவ்வளவு பரப்புக்குக் காணும் என்பது பையில் எழுதியிருக்கும். மேசன் தண்ணீர் கூட்டி நீட்டிவிட்டால் அது பூச்சாக இராது, சாயமாகத்தான் இருக்கும். காய்ந்த பிறகு வாயை அடைத்து இரண்டங்குலத் தண்ணீரை இரண்டு நாள் தேக்கிப் பாருங்கள்.

கீழ்ப்புறத்தில் கொங்கிறீற் உதிர்ந்து கம்பி தெரிந்தால் இதெல்லாம் வேண்டாம். பொறியியலாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பெரிய பிளாட்டென்றால், அதன்மேல் பொக்ஸ் பார் அடித்துச் சீற் போடுவது முதலில் செலவு கூடினாலும், பூச்சைத் திரும்பத் திரும்ப அடிப்பதைவிட மேல். வெக்கையும் இறங்கும்.

மாற்றுவதென்றால் என்ன இழக்கிறோம்?

ஓட்டிலிருந்து நிறச் சீற்றுக்கு மாறினால் மரச் செலவு குறையும், குரங்குத் தொல்லை குறையும், குறைந்த சரிவும் போதும். சித்திரை வெயிலில் வீடு கொதிக்கும், மழையில் பேச்சுக் கேட்காது, உட்தாள் போடாமல் இருக்க முடியாது. இவை எல்லோருக்கும் தெரிந்தவை. தெரியாமல் விடுவது எடை. ஓடு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 40 கிலோ, நிறச் சீற் நான்கைந்து கிலோதான். பழைய கூரை தன் பாரத்தாலேயே காற்றில் கிளம்பாமல் இருந்தது. அந்தப் பாரத்தை இறக்கிவிட்டு அதே பழைய ஆணியில் சீற்றை அடித்தால், பலத்த காற்றில் சீற் மட்டுமல்ல, வளையோடு கூரையே எழும்பும். மாற்றுகிறவர்கள் சுவர் வளையைச் சுவருக்குள் இறங்கிய கம்பியோடும், சிலாகையை வளையோடு இரும்புப் பட்டியாலும் கட்ட வேண்டும். தாவாரத்திலும் முகட்டிலும் ஓரத்திலும் ஸ்குரூவை நெருக்கமாகப் போட வேண்டும். இந்தச் செலவையும் கூட்டிப் பார்த்தால், மரம் நல்லதாக இருக்கும் ஓட்டு வீட்டை மாற்றுவதில் மிச்சம் பெரிதாக வராது. மரமும் போய், ஓடும் பாதி போய்விட்ட வீட்டுக்குத்தான் மாற்றம் பொருந்தும்.

எப்போது, எப்படிக் கூலிக்கு விடுவது

ஆனி தொடக்கம் ஆவணி வரை நல்ல காலம். புரட்டாதியில் பின்னேர இடிமழை தொடங்கிவிடலாம், கூலிக்கு ஆளும் கிடைக்காது. முழுக் கூரையையும் ஒரே நாளில் பிரிக்க விடாதீர்கள், ஒரு பக்கம் முடித்து மற்றப் பக்கம். பேசும்போது றீப்பை இடைவெளி, மேற்படிவு, சாந்துக் கலவை, கம்பி கட்டும் வரிசைகள், கழிவை அகற்றுவது யார் என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பங்குக் காசு குழாய்ச் சோதனைக்குப் பிறகு.

கார்த்திகை நடுவில் ஒழுகத் தொடங்கினால் நிரந்தர வேலை செய்யப் பார்க்க வேண்டாம், ஈரத்தில் பசை சரியாக ஒட்டாது. மழை விட்ட இடைவெளியில், தறப்பாளை முகட்டுக்கு மேலால் மறுபக்கம் மூன்றடி இறங்கும்படி போட்டு, நுனிகளில் மரச்சட்டம் சுற்றிக் கயிற்றால் சுவர்ப் பக்கம் கட்டுங்கள். ஓட்டைக்கு மேலே மட்டும் விரித்தால் மேலிருந்து வரும் தண்ணீர் அதன் கீழே புகும். கல் வைத்தால் காற்றில் கல் உருண்டு ஓடுகளை உடைக்கும். தண்ணீர் மின்குமிழ் பக்கமோ சுவிட்ச் பக்கமோ இறங்கினால், கூரைக்கு ஏறுமுன் பிரதான சுவிட்சை நிறுத்திவிடுங்கள். இடி இடிக்கும்போது ஏறவே வேண்டாம், கீழே ஒரு வாளி வைத்தால் விடியும்வரை போதும்.